ஆறு ஊர் வேண்டாம், ரெண்டு போதும்: குமரி–கேரள எல்லைக் கடற்கரையில் ஒரு நாள்

தென்காசியில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: நாகர்கோவிலில் ஒரு டூர்க்காரர் முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம், தூத்தூர், பொழியூர், பூவார் என்று ஆறு இடம் காட்டி, நடுவில் மீனவர் ஊர்ச் சாப்பாடும் போட்டு ஒரே நாளில் கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார், காலை ஒன்பதுக்கு வண்டி, கூட வரும் அம்மா சைவம், பையனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, போகலாமா?

போகலாம். ஆனால் இந்தத் திட்டத்தோடு வேண்டாம்.

முதல் கோளாறு அந்த ஒன்பது மணி. ராத்திரி வலை போட்ட பைபர் வள்ளங்கள் விடியும்போதே கரைக்கு வந்துவிடும், மணலிலேயே மீனைக் குவித்து ஏலம் விட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்கி வண்டியும் ஏற்றிவிடுவார்கள். நீங்கள் பத்து மணிக்குப் போய் இறங்கினால் வெயிலில் வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் நாலு பேரைத்தான் பார்ப்பீர்கள். முந்தின நாளே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தங்கி, ஆறு மணிக்குள் குளச்சல் கரையில் இருங்கள். ஏலத்தில் குவியலாகத்தான் விடுவார்கள், ஒரு கிலோ ரெண்டு கிலோ என்று கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏலம் எடுத்த வியாபாரி அக்காக்களிடம் கேட்டால் பிரித்துத் தருவார்கள், பக்கத்திலேயே வெட்டிக் கழுவித் தரவும் ஆள் இருக்கும். குளச்சலில் 1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த போரின் நினைவுத்தூண் இருக்கிறது. அதற்குக் கால்மணி நேரம் போதும்.

அடுத்தது நாள். ஞாயிறு போகாதீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் சவேரியார் வந்த காலத்தில் இருந்து இந்தக் கரை கத்தோலிக்கக் கரை, ஞாயிற்றுக்கிழமை பொதுவாகத் தொழிலுக்குப் போவதில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குமரியின் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை, கேரளப் பக்கம் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள். சின்ன வள்ளங்களுக்குத் தடை இல்லைதான், ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக் காலம், கடல் வீட்டு வாசல் வரை வந்து அடிக்கும். கடற்கரைச் சாலையும் சில இடங்களில் கடலரிப்பில் போய்விடும். என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி.

ரெண்டாவது ஊராகத் தூத்தூர் பக்கம் வையுங்கள். டூர்க்காரர்கள் வழக்கமாகச் சொல்லாத ஒரு விஷயம்: தூத்தூர்க்காரர்கள் தூண்டில் போட்டு ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர் போனவர்கள், ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் கடலில்தான், திரும்பி வந்து மீன் இறக்குவது பெரும்பாலும் கொச்சியில். அதனால் அந்த ஊர்க் கரையில் பெரிய படகைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. பகலில் ஊரில் பெண்களும் வயதானவர்களும் பிள்ளைகளும்தான் நிறைய இருப்பார்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் இந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு இழப்பு. அதைப்பற்றி அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள். கேட்காமல் போட்டோ எடுப்பதும் வேண்டாம்.

இனி சாப்பாடு. டூர்க்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: யார் சமைக்கிறார்கள்? ‘ஏற்பாடு பண்ணியிருக்கிறோம்’ என்று இழுத்தால் ரோட்டோர ஓட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கேளுங்கள், அவர் மூலமாக ஒரு வீட்டில் முந்தின நாளே சொல்லி வைத்து, காலையில் நீங்களே வாங்கிய மீனைக் கொடுத்து, சமைத்தவர் கையிலேயே பணத்தைக் கொடுங்கள். தேங்காய் வறுத்தரைத்த குழம்பு, மீன் புளிமுளம், நெத்திலி அவியல், தொட்டுக்கொள்ள வேகவைத்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சம்பா அரிசிச் சோறு. இதை எல்லாம் அவசரத்தில் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு வண்டி ஏறச் சொன்னால் அது பாவம்.

சூரையும் அயிலையும் வாங்கினால் மட்டும் கொஞ்சம் கவனம். இந்த ரெண்டும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும், கொதிக்க வைத்தாலும் அது போகாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தடிப்பும் தலைவலியும் வரும். காரில் ஐஸ் போட்ட டப்பா ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையன் விஷயம் வேறு. இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நண்டும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குச் சிப்பியும் சேராது. இந்தக் கரையில் சிப்பி வறுவல் ஒரு தனி ருசி, ஆசையாக நீட்டுவார்கள், வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இறால் பொரித்த எண்ணெயில் அவனுக்கு மீன் பொரிக்க வேண்டாம் என்று சமைக்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்டர் கொடுத்த மருந்து இருந்தால் கையிலேயே வையுங்கள்.

அம்மாவைப்பற்றிக் கவலை வேண்டாம். மரச்சீனியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்), கூட ஒரு துவரனும் (தேங்காய் போட்ட பொரியல்) பருப்பும் கிடைத்தால் நம்மைவிட அவர் நன்றாகவே சாப்பிடுவார். பாத்திரம் வேறாக இருக்க வேண்டும் என்றால் மட்டும் முந்தின நாளே சொல்லுங்கள். அவருக்கு உண்மையான சிரமம் கழிப்பறைதான், மீன் இறங்குதளத்தில் நம்பிப் போக முடியாது, வழிகாட்டி வீட்டிலேயே கேட்டு வையுங்கள்.

நேரம் மிஞ்சினால் மாலையில் எல்லை தாண்டிப் பூவார் போகலாம், நெய்யாறு கடலில் சேரும் இடம், படகில் ஏறுமுன் எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்று பேசி முடித்துவிடுங்கள். வாடகைக் காருக்குக் கேரளப் பெர்மிட் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே கேளுங்கள். முகத்துவாரத்தில் குளிக்க வேண்டாம். ‘வள்ளத்தில் கொஞ்சம் உள்ளே போய் வரலாம்’ என்று யாராவது கூப்பிட்டாலும், லைப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை வந்து ஏறும் கள்ளக்கடல் இந்தக் கரையில் உண்டு, 2024 மே 6இல் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் பலியானது அப்படித்தான். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்கூட்டியே செய்தியில் வரும், முந்தின நாள் பார்த்துவிடுங்கள்.

கருவாடு வாங்குவதாக இருந்தால் மணலில் பரப்பியதை விட்டுவிட்டு வலைத்தட்டில் காயப்போட்டதைக் கேளுங்கள், ரெண்டு கவருக்குள் கட்டி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் தென்காசி போய்ச் சேர்வதற்குள் அம்மா உங்களை இறக்கிவிட்டு விடுவார்.