நன்றாக ஓடியவர் நன்றாகப் பயிற்சி கொடுப்பாரா?

"பல வருடம் 800 மீட்டர், 1500 மீட்டர் ஓடிய ஒருவர் பயிற்சியாளராக மாறினால் அந்த அனுபவம் கைகொடுக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கைகொடுக்கும். ஆனால் எனக்கு முதல் இரண்டு வருடம் அது காலை வாரிவிட்டது.

நான் பதினோரு வருடம் 800 மீட்டர் ஓடினேன். பெரிய பெயர் இல்லை, ஆனாலும் கடைசி 200 மீட்டரில் பின்னாலிருந்து வந்து ஆட்களைத் தாண்டுகிறவன் என்று ஓட்டக்காரர்கள் மத்தியில் என்னைத் தெரியும். 600 மீட்டர் வரை நாலாவது, ஐந்தாவது இடத்தில் பதுங்கி இருப்பேன். கடைசி வளைவு தொடங்குகிற இடத்தில் கிளம்புவேன். அப்போது எனக்குள் வேகம் பொங்கி வருகிறது என்றே நம்பினேன்.

முழங்கால் போதும் என்று சொன்ன பிறகு பயிற்சிக்கான சான்றிதழ் படிப்பை முடித்துவிட்டு, விசிலும் ஸ்டாப்வாட்சுமாக ட்ராக் ஓரத்தில் நின்றேன். என்னிடம் வந்த எல்லாருக்கும் ஒரே பாடம்தான்: "பொறு, பொறு, இப்போது போ!" வேறு எதுவும் எனக்குத் தெரியாது என்பதே அப்போது தெரியவில்லை.

முதல் குழுவில் ஒரு பெண் இருந்தாள். நீண்ட கால்கள், களைக்காத நுரையீரல், ஆனால் திடீர் வேகம் கொஞ்சமும் கிடையாது. ஒவ்வொரு போட்டியிலும் நான் சொன்னபடி 600 வரை காத்திருப்பாள். அதன் பிறகு நாலு பேர் அவளைத் தாண்டிப் போவார்கள். திரும்பி வந்து, "நீங்கள் சொன்ன இடத்தில்தான் கிளம்பினேன், சார்" என்பாள். குற்றம் சொல்லும் தொனிகூட இருக்காது. அதுதான் இன்னும் உறுத்தியது.

சந்தேகம் வந்து ஒவ்வொரு 200 மீட்டருக்கும் தனித்தனியாக நேரம் குறிக்க ஆரம்பித்தேன். கடைசியில் 'பாய்ந்து' ஜெயிக்கிற பையன்களின் கடைசி 200 மீட்டரை மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால், பெரும்பாலும் அதுதான் மெதுவானதாக இருந்தது! அவர்கள் வேகம் கூட்டவில்லை. மற்றவர்கள் அதைவிட அதிகமாகத் தளர்ந்திருந்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் 800 மீட்டரில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1:40.91 ஓடி உலக சாதனை படைத்த ஓட்டத்தையே பாருங்கள். முதல் சுற்று 49.28 விநாடி. இரண்டாவது 51.63. நான்கு 200 மீட்டர்களில் கடைசிதான் மிக மெதுவானது, 26.61. பதினோரு வருடம் நான் பெருமையாகச் சுமந்த அந்தக் 'கடைசி வேகம்' என்ன என்று அன்று புரிந்தது. மனைவியிடம் சொன்னேன், சிரித்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் இந்தியாவின் ஸ்ரீராம் சிங் முதல் சுற்றில் முன்னால் பறந்தார். க்யூபாவின் ஹுவான்டொரேனா 1:43.50 என்ற உலக சாதனையோடு தங்கம் வென்றார், ஸ்ரீராம் ஏழாவதாக முடித்தார். ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதை அவசரக்குடுக்கை ஓட்டம் என்று கிண்டல் செய்திருக்கிறேன். அன்று அவர் ஓடிய 1:45.77 என்ற இந்திய சாதனை உடைய 42 வருடம் ஆனது. பதுங்கி ஓடியிருந்தால் அந்த நேரம் கிடைத்திருக்குமா? எனக்குத் தோன்றவில்லை.

ஓடியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வராது என்று சொல்லவில்லை. ருடிஷா ஜெயித்த அதே இறுதியில் நாலாவதாக வந்த டுவேன் சாலமனின் பயிற்சியாளர் ஜானி கிரே, 1992 பார்சிலோனாவில் இதே தூரத்தில் வெண்கலம் வாங்கியவர்.

ஓடிய அனுபவம் எனக்கு உதவுவது வேறு இடத்தில். 500 மீட்டர் தாண்டும்போது தோள்கள் காதை நோக்கி ஏறும், தாடை இறுகும். ஸ்பைக் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) தரையைத் தொட்டு எழும் சத்தம் மாறி, பாதம் லேசாகத் தேய்கிற ஒலி கேட்கும். எனக்கே நூறு தடவை நடந்தது என்பதால் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடித்துவிடுவேன். வலி சோம்பலா, காயமா என்பதையும் ஓரளவு பிரிக்க முடிகிறது. ஓரளவுதான். கணைக்கால் வலி என்று சொன்ன ஒரு பையனை, 'எனக்கும் வந்தது, போய்விடும்' என்று ஓடவைத்து, அவன் இரண்டு மாதம் உட்கார நேர்ந்தது.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். அடுத்த சீசனில், "முதல் வளைவோடு அவரவர் லேனில் ஓடுவது முடிந்து உள்ளே வந்ததும் முன்னால் போய்விடு, யாருக்காகவும் காத்திருக்காதே" என்று சொன்னேன். முதல் சுற்று 63 விநாடி. 600 மீட்டர் கோட்டருகே நின்ற எனக்கு, பழைய வழக்கத்தில் "பொறு" என்று கத்த வாய் வந்துவிட்டது. விசிலைக் கடித்துக்கொண்டேன். அவள் முதலிடத்தில்தான் இருந்தாள். கடைசி ஐம்பது மீட்டரில் ஒருத்தி தாண்டிவிட்டாள். இரண்டாவது இடம், தன் சிறந்த நேரத்தைவிட நாலு விநாடி குறைவு. மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, "சார், அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகட்டுமா?" என்று கேட்டாள்.