மகள் ஆசைப்படும் விமானம் இன்னும் வரவில்லை. அந்தப் படிப்பில் சேர்க்கலாமா?

அம்மா, வணக்கம்.

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: இறக்கையும் உடலும் ஒன்றாக இழைந்த பெரிய பயணிகள் விமானத்தை வடிவமைக்க வேண்டும் என்பதற்காகவே மகள் விமானப் பொறியியல் படிக்கிறேன் என்கிறாள், அந்த விமானம் வராமலே போய்விட்டால் அவள் படிப்பு என்ன ஆகும்? பயம் நியாயமானது. முதலில் விமானத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், அப்புறம் படிப்புக்கு வருகிறேன்.

பிளெண்டட் விங் பாடி என்று அவள் சொல்வது வெறும் கற்பனை இல்லை. இன்றைய விமானத்தில் குழாய் போன்ற உடல் ஆட்களைச் சுமக்கிறது; விமானத்தைத் தூக்கும் வேலையில் அதன் பங்கு சொற்பம். அந்த உடலையே அகலமாக்கி இறக்கையோடு இழைத்துவிட்டால் அதுவும் சேர்ந்து தூக்கும், காற்று உரசும் பரப்பும் குறையும். 1990-களில் அமெரிக்க விமான நிறுவனமான மெக்டானல் டக்ளஸில் ராபர்ட் லீபெக்கின் குழு, நாசாவோடு சேர்ந்து, 800 பேர் போகக்கூடிய விமானத்தை இந்த வடிவில் வரைந்து பார்த்தது. அதே அளவு வழக்கமான விமானத்தைவிட எரிபொருள் 27 சதவீதம் குறையும் என்று கணக்கு வந்தது. 2007-இல் எக்ஸ்-48பி என்ற ஆளில்லாச் சிறு மாதிரி பறந்து, மெதுவான வேகத்தில் இந்த வடிவத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டியது. இதன் நெருங்கிய உறவான வாலில்லாத பி-2 குண்டுவீச்சு விமானம் 1989 முதல் பறந்துகொண்டிருக்கிறது. ஆகவே பறக்குமா என்பது இப்போது கேள்வியே இல்லை. பயணிகளை ஏற்றச் சான்றிதழ் வாங்க முடியுமா, விற்க முடியுமா என்பதுதான் பாக்கி.

இதில் கட்டமைப்புச் சிக்கலைத்தான் நான் முதலில் வைப்பேன். உயரத்தில் பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்த வித்தியாசம் சுவரை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 டன் விசையோடு வெளியே தள்ளுகிறது. உருளை வடிவம் இதை எளிதாகத் தாங்கும், ஏனென்றால் தகடு முழுவதும் சீராக இழுபடும். அகலமான, தட்டையான கேபினில் தகடு வளையும். வளையாமல் பிடிக்க உள்ளே சுவர்களும் விறைப்புக் கம்பிகளும் வைக்க வேண்டும். அத்தனையும் எடை. காற்றியலில் மிச்சம் பிடித்ததை எடையில் பறிகொடுக்கலாம். போதாததற்கு, ஒவ்வொரு பயணத்திலும் ஒரு முறை அழுத்தம் ஏறி இறங்குகிறது. பல்லாயிரம் முறை இப்படி நடந்தாலும் விரிசல் வரக்கூடாது. கார்பன் இழைத் துணிகளைத் தைத்துப் பிசினேற்றிச் செய்த ஒரு பெரிய பெட்டியை நாசாவும் போயிங்கும் 2015-இல் சோதித்துப் பார்த்ததும் இந்தச் சிக்கலுக்காகத்தான்.

மகளிடம் ஒரு கணக்கைக் கொடுங்கள். 2 மீட்டர் ஆரம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள உருளை, உள்ளே 60 கிலோபாஸ்கல் அழுத்தம். தகட்டில் தகைவு, அதாவது ஒரு சதுர அலகுப் பரப்பில் விழும் இழுவிசை, 60 மெகாபாஸ்கல் வரும். அலுமினியத்துக்கு அது பெரிய விஷயமில்லை. அதே தகட்டை, நான்கு ஓரமும் பிடித்த ஒரு மீட்டர் சதுரத் தட்டையாக எடுத்துக்கொண்டு, பாடப்புத்தகத்தில் உள்ள வளைவுச் சூத்திரத்தில் போடச் சொல்லுங்கள். 4,000 மெகாபாஸ்கலைத் தாண்டும். விமானத்துக்கான வலுவான அலுமினியக் கலவையே ஏறத்தாழ 600-இல் அறுந்துவிடும். விடையை எழுதிவிட்டு அவள் எழுந்து போய்விட்டால் சரி, அதுவும் தப்பில்லை. "இவ்வளவு விசையில் தகடு முதலில் உப்புமே, அப்போது இந்தச் சூத்திரம் பொருந்துமா?" என்று கேட்டாளானால், அவள் கட்டமைப்புப் பொறியியலுக்குப் பிறந்தவள். நான் தேடுவது அந்தக் கேள்வியை. மதிப்பெண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது வால். இந்த வடிவத்தில் வால் இல்லாததால் மூக்கை ஏற்றி இறக்குவது இறக்கையின் பின் விளிம்பில் உள்ள பலகைகளின் வேலை. வழக்கமான விமானம் இறங்கும்போது, இறக்கையின் பின்னால் கீழே மடங்கும் பலகையான ஃபிளாப்பைப் பெரிதாக விரிக்கும். அப்போது மூக்கு கீழே சாயப் பார்க்கும், வால் அதைச் சமன் செய்யும். இங்கே அந்த வசதி இல்லை. சந்தேகமிருந்தால் தெர்மாகோலில் ஒரு வாலில்லா மாதிரி வெட்டிப் பறக்கவிடச் சொல்லுங்கள். எடை மையம் கொஞ்சம் பின்னால் போனாலும் புரண்டு விழும். பின் விளிம்பை லேசாக மேலே மடக்கி, மூக்கில் எடை ஒட்டினால்தான் நேராகப் போகும். உண்மையான விமானத்தில் அந்த வேலையை வினாடிக்குப் பல முறை கணினி செய்ய வேண்டும். அந்தக் கணினி தவறுவது மிக மிக அரிது என்று அதிகாரிகளுக்கு நிரூபிக்கவும் வேண்டும்.

பயணிகள் பக்கமும் தகராறு உண்டு. நடுக்கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர், விமானம் 30 டிகிரி சாய்ந்து திரும்பினால், 5 மீட்டர் மேலேயோ கீழேயோ போய்விடுவார். ஜன்னல் பலருக்கு இருக்காது. இவற்றை மக்கள் பழகிக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். பழகிக்கொள்ள முடியாதது வெளியேற்ற விதி: பாதி வாசல்களை மட்டும் வைத்துக்கொண்டு 90 வினாடிக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். 2006-இல் ஏர்பஸ்ஸின் இரண்டு மாடி விமானமான ஏ380 தன் சோதனையில் 873 பேரை 78 வினாடியில் இறக்கிக் காட்டியது. அகலமான மண்டபம் போன்ற கேபினில், நடுவில் இருப்பவர் எந்தப் பக்கம் ஓடுவது?

பொறியியலைவிடக் கடினமானது வியாபாரம் என்பது என் கணிப்பு. இந்த வடிவம் பெரிய விமானத்துக்குத்தான் நன்றாகப் பொருந்தும். ஆள் நிற்கும் உயரம் எப்படியும் வேண்டும் என்பதால், சிறிதாக்கினால் உடல் தடித்துவிடும். ஆனால் விமான நிறுவனங்களோ மிகப் பெரிய விமானங்களை விட்டு விலகிவிட்டன. ஏ380 உற்பத்தி 2021-இல் முடிந்தது. குழாய் விமானத்தை நடுவில் ஒரு துண்டு சேர்த்து நீட்டலாம். ஏ320-ஐ நீட்டி ஏ321 ஆக்கியது அப்படித்தான். இதில் அது நடக்காது. விமான நிலையத்திலும் 65 மீட்டரைத் தாண்டிய இறக்கைக்கு நிறுத்துமிடம் கிடைப்பது சிரமம்.

இப்போது முன்னால் ஓடுவது கலிஃபோர்னியாவின் ஜெட்சீரோ. 800 பேரை விட்டுவிட்டு 250 பேர் அளவைப் பிடித்திருக்கிறார்கள். 2023-இல் அமெரிக்க விமானப்படை 23.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. முழு அளவு சோதனை விமானம் 2027-இல் பறக்கும் என்பது அவர்கள் திட்டம். வழக்கமான வடிவில் இருக்கும் போயிங் 787-க்கே, 2004-இல் திட்டத்தைத் தொடங்கி 2011-இல்தான் பயணிகளை ஏற்ற முடிந்தது. ஆகவே புது வடிவத்துக்கு அறிவிக்கப்படும் தேதிகளோடு சில ஆண்டுகளைக் கூட்டியே நான் படிப்பேன். முதலில், பறக்கும் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் ராணுவ விமானமாகவோ சரக்கு விமானமாகவோ வரும் என்பது என் ஊகம். ஜன்னலும் வெளியேற்றமும் அங்கே தலைவலி இல்லை. பயணிகள் விமானம் அதற்குப் பிறகு. 400 பேருக்கு மேல் ஏறும் பெரிய விமானம் அவள் வேலைக்குச் சேரும் நாளில் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி படிப்பு. மேலே சொன்ன ஒவ்வொரு தடையும் ஒரு தனித் துறை: கட்டமைப்பு, கார்பன் இழை போன்ற கூட்டுப்பொருள், பறப்புக் கட்டுப்பாடு, சான்றளிப்பு. அந்த விமானம் வந்தாலும் வராவிட்டாலும் இந்த நான்குக்கும் ஆள் தேவை. ஏவூர்தி, ட்ரோன், காற்றாலை இறக்கை என்று போகுமிடமும் பல. அதனால் "எனக்கு அந்த விமானம் பிடிக்கும்" என்பதோடு நிற்காமல், "அதில் எந்தத் தடை என்னை உறுத்துகிறது" என்று அவள் சொல்லட்டும். சான்றளிப்பை யாரும் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. ஆனால் புதுவடிவ விமானத்தில் பழைய விதி எங்கே பொருந்தாது என்று எழுதத் தெரிந்தவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

இளநிலையில் விமானப் பொறியியல் எடுக்கலாம், இயந்திரப் பொறியியலும் எடுக்கலாம். இரண்டும் இதற்கு வழிதான். இந்த ஒரு விமானத்தை மட்டும் மனதில் வைத்து இப்போதே குறுகிய சிறப்புப் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். நாசா இலவசமாகத் தரும் ஓபன்விஎஸ்பி மென்பொருளில் இன்றே வடிவம் வரைந்து பழகலாம்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள்: மாதிரிகளைக் காற்றோட்டத்தில் வைத்துச் சோதிக்கும் காற்றுச்சுரங்கத்தை இளநிலை மாணவர்கள் தொட அனுமதி உண்டா, கடைசி ஆண்டுத் திட்டப்பணிகளில் உண்மையிலேயே செய்து உடைத்துப் பார்த்தவை எத்தனை. இன்னொன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். அமெரிக்காவில் இத்தகைய திட்டங்களில் ராணுவப் பணம் கலந்திருப்பதால், பல வேலைகளுக்கு அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ கேட்பார்கள். மேற்படிப்புக்கு நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, கடன் வாங்குவதற்கு முன்னால், இதை அவளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.