ஆயில் போன இன்ஜின்: மறுபடி பறக்கலாமா, பிரிக்கணுமா?

ஆயில் கசிந்த நிலையில் தரையிறங்கிய சின்ன விமானங்களைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலும் லைகாமிங் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் இன்ஜின்களை மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

பைப்பர் வாரியர், ஓ-320 இன்ஜின். இறங்கிப் பார்த்தால் விமானத்தின் வயிறெல்லாம் ஆயில், டிப்ஸ்டிக்கில் 3 குவார்ட்தான் காட்டுகிறது. ஆயில் பிரஷர் முள் கடைசிவரை பச்சையில்தான் (பாதுகாப்பான எல்லைக்குள்) இருந்தது என்கிறார் பைலட். இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

பிரஷர் உண்மையிலேயே பச்சையில் இருந்திருந்தால் வேண்டியதில்லை. எவ்வளவு ஆயில் போச்சு என்பதைவிட, பேரிங்குகளுக்கு ஆயில் போகாமல் நின்றதா, நின்றது என்றால் எத்தனை நிமிடம், அப்போது பவர் எவ்வளவு, இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்த இன்ஜினின் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) 8 குவார்ட் பிடிக்கும், அதாவது ஏழரை லிட்டர் சொச்சம். லைகாமிங் கையேடு சொல்லும் குறைந்தபட்சப் பாதுகாப்பு அளவு 2 குவார்ட். ஆனால் மூக்கைத் தூக்கி ஏறும்போதும் சரியாக ஒருங்கிணைக்காத திருப்பத்திலும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை இழுத்துவிடும். அதனால் பைலட்டிடம் "பச்சையில் இருந்ததா?" என்று மட்டும் கேட்காமல், முள் ஆடியதா என்றும் கேளுங்கள். இன்ஜின் மானிட்டர் இருந்தால் டேட்டாவை உடனே எடுத்து வையுங்கள், ஞாபகத்தைவிட அது நம்பகமானது. மிச்ச ஆயிலை வடித்து அளந்து பாருங்கள். கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, ஃபில்டரை வெட்டிப் பார்த்து, சக்‌ஷன் ஸ்கிரீனையும் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் வழியில் இருக்கும் வலை) கழற்றிப் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருந்தால் தரையில் ஓட்டிப் பார்க்கலாம். அப்புறம் சில மணி நேரம் பறந்ததும் ஃபில்டரை மறுபடி வெட்டுங்கள், வழக்கமான 50 மணி வரை காத்திருக்காதீர்கள்.

பிரஷர் பூஜ்யத்துக்குப் போய் நாலைந்து நிமிடம் இன்ஜின் ஓடியது, அப்புறம் பத்திரமாக இறங்கிவிட்டோம். கசிந்த ஹோஸை மாற்றி ஆயில் ஊற்றினோம். கையால் சுற்றினால் ப்ரொப்பெல்லர் லேசாகச் சுற்றுகிறது, கம்ப்ரெஷன் நாலு சிலிண்டரிலும் 75/80க்கு மேல் (கொடுத்த 80 அழுத்தத்தில் 75க்கு மேல் தங்குகிறது). இனி பறக்கலாம்தானே?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. கம்ப்ரெஷன் டெஸ்ட் உங்களுக்குச் சொல்வது ரிங்குகளையும் வால்வுகளையும் பற்றி மட்டும். பேரிங்கைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது.

ஆயில் போகும் வழியைப் பாருங்கள். பம்ப்பிலிருந்து கூலர், ஃபில்டர் வழியாக கேலரிக்கு (இன்ஜினுக்குள் ஓடும் முக்கிய ஆயில் குழாய்வழி) வந்து, அங்கிருந்து மெயின் பேரிங்குகளுக்குப் போய், அதற்கப்புறம் கிராங்க்ஷாஃப்ட்டுக்குள் இருக்கும் துளைகள் வழியாகத்தான் கனெக்டிங் ராட் (பிஸ்டனை கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) பேரிங்குக்குப் போகிறது. வரிசையில் கடைசி ஆள் அது. அதே சமயம் ஒவ்வொரு பவர் ஸ்ட்ரோக்கின் அடியையும் நேராக வாங்குவதும் அதுதான். ஆயில் படலம் போனதும் பேரிங்கின் மேலடுக்கு சூடாகி இளகி இழுபடும். இளகியது இடைவெளியை நிரப்பிக்கொள்வதால் ஆயில் ஊற்றியதும் இன்ஜின் அமைதியாகவே ஓடும், பிரஷரும் பார்க்க நன்றாகவே இருக்கும். பிறகு ஒரு நாள், அது பத்து மணி நேரம் கழித்தும் இருக்கலாம், பேரிங் தன் இடத்திலேயே சுழன்று ஆயில் துளையை மூடிவிடும், ராட் கிரேங்க்கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அந்த நேரத்தில் ஒரு மாணவர் தனியாக ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்பதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிரித்தால் பெரும்பாலும் சாட்சி கண்ணுக்கே தெரியும். ராட்டின் பெரிய முனை வைக்கோல் நிறத்திலிருந்து பழுப்பு, நீலம் என்று மாறியிருந்தால் அவ்வளவு சூடு பட்டிருக்கிறது, அந்த ராட் குப்பைக்கு. அதன்மேல் ஆயில் கருகி அரக்கு பூசியது போல ஒட்டியிருக்கும். பேரிங் பாதியைத் திருப்பினால், சாம்பல் நிறத்துக்கு நடுவே செம்பு நிறம் திட்டுத் திட்டாகப் பளிச்சிடும். கிராங்க்ஷாஃப்ட் ஜர்னலில் (பேரிங்குக்குள் சுழலும் பகுதி) மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று காந்தத்துகள் சோதனை செய்தே ஆக வேண்டும். அதை வெறுங்கண் காட்டாது.

இன்னொன்று, ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்கும் பழக்கம். சேதமான பேரிங்கை அது இன்னும் அரைக்கும், மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி) கிரவுண்டாகாமல் இருந்தால் இன்ஜின் சட்டென்று கிளம்பி உங்கள் கையும் போகும்.

ஆயில் டெம்பரேச்சர் ஏறவே இல்லை. அப்படியென்றால் இன்ஜின் சூடாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. அந்த சென்சார் தன்னைக் கடந்து ஓடும் ஆயிலின் சூட்டைத்தான் அளக்கிறது. ஆயிலே வரவில்லை என்றால் முள் அப்படியே நிற்கும், இறங்கக்கூடச் செய்யும். பிரஷர் பூஜ்யம், டெம்பரேச்சர் சாதாரணம் என்றால் பிரஷர் கேஜ்தான் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

ஃபில்டரை வெட்டினோம், சுத்தமாக இருந்தது. இது போதாதா?

எப்போது வெட்டினீர்கள்? ஆயில் ஓட்டம் நின்ற பிறகு உதிர்ந்த உலோகத்தை ஃபில்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அங்கே எதுவும் இல்லையே. அது பேரிங்கிலும் சம்ப்பின் அடியிலும்தான் கிடக்கும். அதனால் இந்த மாதிரி சமயத்தில் சக்‌ஷன் ஸ்கிரீனும் சம்ப்பின் அடிமண்டியும் ஃபில்டரைவிட அதிகம் சொல்லும்.

வெட்டுவதற்கு ஃபில்டர் கட்டரையே பயன்படுத்துங்கள். ஹாக்ஸா பிளேடு தன் பொடியையும் சேர்த்துக் கொட்டும். மடிப்புக் காகிதத்தை விரித்துப் பிழிந்து, சால்வென்ட்டில் அலசி, வெயிலில் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது கேம், டாப்பெட், ரிங் வகை இரும்பு. ஒட்டாமல் மஞ்சளாக, செம்பு நிறமாக மின்னினால் பேரிங் அல்லது புஷ். வெள்ளியாக, மென்மையாக இருந்தால் அலுமினியம், பிஸ்டன் பக்கம் பாருங்கள். விரலில் நசுக்கினால் பொடியாகிற கருப்புத் துணுக்கு வெறும் கார்பன், பயப்பட வேண்டாம்.

பிரஷர் விழுந்தது சில நொடிகள்தான், பவரையும் உடனே குறைத்துவிட்டோம். முழுதாகப் பிரிக்காமல் ஒரு சிலிண்டரை மட்டும் எடுத்துப் பார்க்கலாமா?

சந்தேகக் கேஸ்களுக்கு இது நியாயமான வழிதான். ஒரு சிலிண்டரை எடுத்தால் பிஸ்டன் பக்கவாட்டில் உரசல் இருக்கிறதா, சுவரில் அலுமினியம் இழுபட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். கேம்ஷாஃப்ட்டின் சில லோப்களும் தெரியும் (லைகாமிங்கில் கேம் மேலே இருக்கிறது, சிதறும் ஆயிலை நம்பித்தான் வாழ்கிறது). ராட் கேப்பைக் கழற்றிப் பேரிங்கையும் பார்க்கலாம். ஆனால் சிலிண்டர் நட்டுகளைத் தளர்த்தியதும் கேஸை இறுக்கிப் பிடித்திருந்த அழுத்தம் போய்விடும். டார்க் பிளேட் (சிலிண்டர் இருந்த இடத்தில் கேஸை இறுக்கிப் பிடிக்கும் தகடு) போடாமல் கிராங்க்கைச் சுற்றினால் மெயின் பேரிங் நகர்ந்துவிடும், இல்லாத நோயை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். கழற்றிய ராட் போல்ட்டையும் நட்டையும் திரும்பப் போடாதீர்கள், புதுசு போடுங்கள். அந்தப் பேரிங்கில் கொஞ்சம் செம்பு தெரிந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு இன்ஜினை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

கான்ஸ்டன்ட் ஸ்பீட் ப்ரொப்பெல்லர் (பிளேடின் சாய்வு தானாக மாறி வேகத்தை ஒரே அளவில் வைப்பது). பிரஷர் போனபோது ஆர்.பி.எம். சட்டென்று ஏறியது. இது தனிக் கோளாறா?

இல்லை, அதே கோளாறின் இன்னொரு முகம். பெரும்பாலான ஒற்றை இன்ஜின் விமானங்களில் பிளேடைக் கோர்ஸ் (அதிகச் சாய்வு) பக்கம் தள்ளுவது ஆயில் பிரஷர். அது போனதும் பிளேடு ஃபைனுக்கு (குறைந்த சாய்வு) போகும், ஆர்.பி.எம். எகிறும். எவ்வளவு எகிறியது, எத்தனை விநாடி என்று குறித்து வையுங்கள். ஓவர்ஸ்பீடுக்கு லைகாமிங்கின் சர்வீஸ் புல்லட்டின் 369 தனியாக இருக்கிறது, ஆயில் இழப்புக்கான சோதனையோடு அதையும் செய்ய வேண்டும்.

பேரிங் போய் இன்ஜினை ஓவர்ஹால் செய்தாச்சு. பழைய ஆயில் கூலரைக் கழுவிப் பொருத்திக்கொள்ளலாமா?

உலோகம் ஓடிய கூலர் என்றால் புதுசு வாங்குங்கள். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன வழிகளில் மாட்டிய துணுக்கு கழுவும்போது வராது, சூடான ஆயில் அடித்துக்கொண்டு ஓடும்போதுதான் வரும், வந்து நேராகப் புதுப் பேரிங்கில் உட்காரும். ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். கவர்னரையும் (ப்ரொப்பெல்லரின் சாய்வை ஆயிலால் கட்டுப்படுத்தும் கருவி) ப்ரொப்பெல்லர் ஹப்பையும் பிரித்துச் சுத்தம் செய்ய அனுப்புங்கள், அதே ஆயில்தான் அங்கேயும் போய் வந்திருக்கிறது.