ஸ்மார்ட்வாட்ச்சா, சாவி கொடுக்கும் வாட்ச்சா?

கைக்கடிகாரம் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் இங்கே ஒன்றாகப் பதில்.

கேள்வி: படிப்பு முடித்து வேலைக்குச் சேரப்போகும் மகனுக்கு வாட்ச் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். 15,000 ரூபாய் வரை போகலாம். அவன் ஸ்மார்ட்வாட்ச் கேட்கிறான். என் மைத்துனருக்கு வாட்ச் என்றால் உயிர். "அது வாட்ச்சே இல்லை, கையில் கட்டுகிற செல்போன்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (திருச்சி வாசகர்)

பதில்: கட்டப்போகிறவன் மகன், அதனால் அவன் பேச்சைத்தான் கேட்க வேண்டும். ஆனால் 15,000 முழுவதையும் அதில் போடாதீர்கள். இந்த இடத்தில் மைத்துனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆப்பிள் 2015-ல் தன் முதல் வாட்ச்சைக் கொண்டுவந்தபோது 18 காரட் தங்கத்தில் ஒரு ரகமும் விட்டது. விலை 10,000 டாலரில் தொடங்கியது. 2018-ல் வந்த புது மென்பொருளை அந்த முதல் தலைமுறை வாட்ச் எதிலும் ஏற்ற முடியவில்லை. தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இருந்த சிப் மூன்றே வருஷத்தில் பழசாகிவிட்டது. ஸ்மார்ட்வாட்ச் செய்துவந்த பெபிள் என்ற கம்பெனி 2016-ல் கடையை மூடியது. ஃபாசில் 2024 தொடக்கத்தில் "இனி ஸ்மார்ட்வாட்ச் செய்யப்போவதில்லை" என்று அறிவித்துவிட்டது. இதெல்லாம் போக, உள்ளே ஒட்டி மூடிய லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர ஆரம்பிக்கும். மலிவு ரகங்களில் அதை மாற்றித் தர ஆள் கிடைப்பதே அபூர்வம்.

வாட்ச் பிரியர்கள் சிலரிடம் பேசிப் பார்த்தால் அவர்களுடைய ஆதங்கமும் இதுதான். பெங்களூரில் எச்எம்டி கம்பெனி 1960-களில் செய்த வாட்ச்சை இன்றைக்கும் ஒரு ரிப்பேர்காரர் பின்மூடியைக் கழற்றி, மெஷினைப் பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டு ஓடவைத்துவிடுவார். அந்தக் கம்பெனியின் வாட்ச் பிரிவையே மூட மத்திய அரசு 2016-ல் ஒப்புதல் கொடுத்துவிட்டது, வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மைத்துனர் ஒத்துக்கொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. இதே வாட்ச் பிரியர்களில் பலர் காலையில் ஓடப் போகும்போது கட்டுவது கார்மின் மாதிரி ஒரு ஸ்மார்ட்வாட்ச்சைத்தான். ஓடிய தூரமும் இதயத்துடிப்பும் சாவி கொடுக்கும் வாட்ச்சில் தெரியாது. இடது கையில் ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் வாட்ச்), வலது கையில் ஃபிட்னஸ் பேண்ட் என்று திரிகிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், ஆனால் அவரவர் கை.

நான் செய்வதாக இருந்தால், நாலைந்தாயிரத்துக்குள் மகன் கேட்கும் ஸ்மார்ட்வாட்ச். மிச்சப் பணத்தில் நேர்முகத் தேர்வுக்கும் கல்யாணத்துக்கும் கட்ட, முள் வைத்த, செல்லில் ஓடும் நல்ல குவார்ட்ஸ் வாட்ச் ஒன்று. ஓசூர் டைட்டன் போதும். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த கம்பெனி, ஊர் முழுக்க சர்வீஸ் கிடைக்கும். செல் மாற்றும் தொல்லையே வேண்டாம் என்றால் வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் சிட்டிசன் ஈகோ-டிரைவ் பாருங்கள்.

மகனிடம் என்ன போன் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிள் வாட்ச் ஐபோனோடுதான் வேலை செய்யும். சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச் 4-உம் அதற்குப் பிறகு வந்தவையும் ஐபோனோடு சேராது. பெட்டியைப் பிரித்த பிறகு இது தெரியவந்தால் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆசையாக ஒரு ஜப்பானிய ஆட்டோமேட்டிக் வாங்கினேன். நாளுக்கு 20 விநாடி வேகமாக ஓடுகிறது. கடைக்காரர் "அது அப்படித்தான் சார்" என்கிறார். என் பையனின் ஆயிரம் ரூபாய் ஸ்மார்ட்வாட்ச் விநாடி பிசகாமல் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? (சேலம் வாசகர்)

பதில்: இல்லை. கடைக்காரர் சொன்னது சரிதான், கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கலாம். செய்கோவின் பிரபலமான 4ஆர்36 மெஷினுக்கு அந்த நிறுவனமே தரும் வரம்பு, நாளுக்கு 45 விநாடி வேகம் முதல் 35 விநாடி தாமதம் வரை. பல மடங்கு விலையுள்ள சுவிஸ் வாட்ச்சுகள் துல்லியத்துக்காக வாங்கும் குரோனோமீட்டர் சான்றிதழுக்கே 6 விநாடி வேகம், 4 விநாடி தாமதம் வரை அனுமதி உண்டு. ஒரு நாளில் 86,400 விநாடி. அதில் 20 என்பது, முடி போன்ற ஒரு ஸ்பிரிங்கும் சில பற்சக்கரங்களும் மட்டும் வைத்துக்கொண்டு ஓடுகிற யந்திரத்துக்கு மோசமில்லை.

பையனின் வாட்ச்சில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அது போதாதென்று போனிடமும் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. 1969 கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தபோதே துல்லியப் போட்டி முடிந்துபோயிற்று. அதன் பிறகு ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் நேரத்துக்காக வாங்குவதில்லை.

ராத்திரி கழற்றி வைக்கும்போது ஒரு நாள் டயல் மேலே பார்க்க வையுங்கள், அடுத்த நாள் சாவி கீழே வருகிற மாதிரி நிறுத்தி வையுங்கள். இரண்டிலும் ஓட்டம் மாறும். எதில் மெதுவாக ஓடுகிறதோ அப்படியே தினமும் வைத்தால் பகலில் கூடுவது கொஞ்சம் ஈடாகும். திடீரென்று நாளுக்கு இரண்டு மூன்று நிமிஷம் வேகமாக ஓட ஆரம்பித்தால் காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர், டேப்லெட் மூடி பக்கத்தில் வைத்தால் இப்படி ஆகும். காந்தம் எடுக்கும் சின்னக் கருவி ரிப்பேர் கடையில் இருக்கும், ஒரு நிமிஷ வேலை.

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. 2,500 ரூபாய் ஸ்மார்ட்வாட்ச் ஒன்றில் "ரத்த சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், ஈசிஜி" எல்லாம் காட்டும் என்று விளம்பரம். வாங்கலாமா? (நெல்லை வாசகி)

பதில்: வாங்காதீர்கள்.

ஊசி குத்தாமல், தானாகவே ரத்த சர்க்கரை அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, நம்பிப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கையில் ஒட்டும் சென்சார் வேறு விஷயம். அதில் தோலுக்குள் மெல்லிய இழை போகிறது, வாட்ச் வெறும் திரைதான்.

ரத்த அழுத்தமும் இப்படித்தான். அந்த வசதி தரும் சாம்சங்கே, கையில் பட்டை கட்டி அளக்கும் மெஷினோடு 28 நாளுக்கு ஒரு முறை ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறது. எப்படியும் அந்த மெஷின் வேண்டும் என்றால் அதையே வாங்கிவிடலாமே? அதோடு ஒரு குளுக்கோமீட்டரும் சேர்த்து வாங்குங்கள், அப்பாவுக்கு அதுதான் உதவும்.

மலிவு வாட்ச்சின் லட்சணத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். பின்னால் பச்சை விளக்கு மினுக்கும், ரத்த ஓட்டத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத்தான் துடிப்பைக் கணக்கிடுகிறது. சுருட்டிய துண்டில் கட்டிப் பாருங்கள். சில வாட்ச்சுகள் துண்டுக்கும் 78 என்று துடிப்பு காட்டும்.

பணம் தடையில்லை என்றால், வயதானவர்களுக்கு நான் உருப்படியாக நினைக்கும் வசதி, கீழே விழுந்தால் கண்டுபிடித்து வீட்டாருக்குச் செய்தி அனுப்புவது. ஆப்பிளில் சீரிஸ் 4-லிருந்து இருக்கிறது. அதிலுள்ள ஈசிஜி இதயத்துடிப்பின் ஒழுங்கின்மையைக் காட்டிக்கொடுக்கலாம், ஆனால் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று ஆப்பிளே சொல்கிறது. நெஞ்சு வலித்தால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

கேள்வி: இணையத்தில் 1970-களின் செய்கோ 5, "புத்தம் புதுசு போல", 2,500 ரூபாய். டயல் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். நம்பலாமா? (கோவை வாசகர்)

பதில்: 50 வயது வாட்ச் புத்தம் புதுசு போல இருக்கிறது என்பதே முதல் சந்தேகம். பழைய டயலைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கும் வண்ணம் அடித்து, எழுத்தைப் புதிதாக அச்சடித்து, கைக்குக் கிடைத்த முள்ளைப் போட்டு விற்பது இந்தியாவில் பெரிய வியாபாரம். வெளிநாட்டு வாட்ச் சேகரிப்பாளர்கள் இதற்கு "மும்பை ஸ்பெஷல்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அசல் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும், மறு அச்சில் மை கசிந்திருக்கும். பின்மூடியில் 7009-3110 போன்ற எண் இருக்கும். முதல் நாலு இலக்கம் மெஷினின் எண். மூடியைத் திறந்தால் மெஷினிலும் அதே எண் இருக்க வேண்டும். டயலின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதும் அதோடு ஒத்துப்போக வேண்டும். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் அது மூன்று செத்த வாட்ச்சுகளின் உறுப்புகள். தெரிந்தே, ஆசைக்கு வாங்கிக் கட்டுவது தப்பில்லை. பழம்பொருள் என்று நினைத்துப் பணம் போடாதீர்கள்.

கேள்வி: ஸ்மார்ட்வாட்ச்சில் "5 ஏடிஎம்" என்று தண்ணீர் தாங்கும் அளவும், "நீச்சலுக்கு ஏற்றது" என்றும் போட்டிருந்தது. எட்டு மாதத்தில் செத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் "தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். (சென்னை வாசகி)

பதில்: வெந்நீரிலும் சோப்போடும் குளித்திருந்தால் அவர்கள் பக்கம் ஒரு வாதம் உண்டு. ரப்பர் வளையம் சூட்டுக்கும் சோப்புக்கும் தளரும், வாரண்டி அட்டையிலும் இதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வெறும் நீச்சல் என்றால் விடாதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். "நீச்சலுக்கு ஏற்றது" என்ற விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

அடுத்த முறை வாங்கும்போது பெட்டியில் மத்திய அரசின் தர அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் "ஆர்" என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். ஸ்மார்ட்வாட்ச்சுக்கு அது கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பேரில் பதிவு என்று தெரிந்துவிடும்.

கேள்வி: யுபிஎஸ்சி தேர்வு எழுதப் போகிறேன். ஸ்மார்ட்வாட்ச்சை ஏர்பிளேன் மோடில் போட்டுக் கட்டலாமா? (தஞ்சை வாசகர்)

பதில்: கூடாது. அங்கே சாதாரண வாட்ச் மட்டும்தான் அனுமதி. நீட் தேர்வில் அதுவும் கிடையாது, எந்த வாட்ச்சும் கட்ட முடியாது. சில நூறு ரூபாய்க்கு முள் வாட்ச் ஒன்று வாங்கி, கடையில் பழைய இருப்பாக இருந்தால் செல்லை மாற்றிக்கொண்டு போங்கள்.