அடையாற்றைச் சுத்தம் செய்தால் மலை ஓடைப் பூச்சிகள் வருமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஆந்திர எல்லை மலையில் இருக்கும் தடா அருவிப் பக்கம் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் விதவிதமான பூச்சிகள் ஓடுகின்றன. சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றுச் சேற்றைக் கிளறினால் சிவப்புப் புழு மட்டும்தான். சாக்கடைதான் காரணமா? ஆற்றைச் சுத்தம் செய்துவிட்டால் அந்தப் பூச்சிகள் எல்லாம் இங்கேயும் வந்துவிடுமா?

சாக்கடை பெரிய காரணம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நாளைக்கே ஒரு சொட்டுக் கழிவு கலக்காமல் நிறுத்தினாலும், தடாவில் பார்த்தவற்றில் பெரும்பாலானவை சைதாப்பேட்டைக்கு வராது. விலங்கியல் படித்தவன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கல்லைப் பாருங்கள். உள்ளங்கை அகலக் கல்தான், ஆனால் மேல்பக்கத்தில் இருப்பது அடிப்பக்கத்தில் இருக்காது. தண்ணீர் வேகமாக வழுக்கிப் போகும் விளிம்பில் சிமுலியம் என்ற ஈயின் புழுக்கள் கும்பலாக நிற்கும். கல்லில் பட்டுநூலைத் துப்பித் திட்டுப்போல ஒட்டி, பின்பக்கக் கொக்கியால் அதைப் பிடித்துக்கொண்டு, தலையில் இருக்கும் விசிறியை விரித்து, தண்ணீர் கொண்டுவரும் துகளை வடிகட்டித் தின்னும். ஓட்டம் இல்லாத இடத்தில் அதற்குச் சாப்பாடே இல்லை. கல்லைத் திருப்பியதும் வெளிச்சத்துக்குப் பயந்து மறுபக்கம் நழுவும் தட்டையான பூச்சி, மேஃப்ளை என்ற பறக்கும் பூச்சியின் இளம்பருவம். வாலில் இரண்டு மூன்று இழைகள், வயிற்றின் இரு பக்கமும் இலைபோலச் செவுள்கள். மணல் துகளை ஒட்டிச் சின்னக் குழாய் கட்டி அதற்குள் வாழ்வது கேடிஸ்ஃப்ளை என்ற இன்னொரு பறக்கும் பூச்சியின் புழு. அதே வகையில் சில, கற்களுக்கு நடுவே வலை பின்னிக் காத்திருக்கும்.

ஓட்டம் சாப்பாட்டை மட்டும் கொண்டுவருவதில்லை, மூச்சும் அதுதான். பேட்டிஸ் என்று ஒரு மேஃப்ளை உண்டு. அதற்குச் செவுளை அசைக்கத் தெரியாது. தண்ணீர்தான் செவுள்மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பிடித்து அதே ஓடைத் தண்ணீரில், ஒரு வாளியில் அசையாமல் வைத்தால் சீக்கிரமே திணறிவிடும். தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும், ஆக்ஸிஜனும் இருக்கும், ஆனாலும் போதாது. சமவெளியில் மெதுவாக நகரும் ஆற்றில் இந்த ஆசாமி இல்லை என்பதற்கு மாசைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் சூடு. 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் சூட்டில் பூச்சியின் உடம்பு கேட்கும் ஆக்ஸிஜன் கூடத்தான் செய்யும். நம் ஊர் வெயிலில், நிழல் இல்லாத ஆற்றில், வரவு குறைந்து செலவு ஏறுகிறது.

என்னைக் கேட்டால், இதையெல்லாம்விடப் பெரிய வித்தியாசம் தரையில் இருக்கிறது. அடையாறு மலையில் பிறக்கவில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரியும் செம்பரம்பாக்கத்தின் உபரியும் சேர்ந்து சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் விழும் சமவெளி ஆறு. அடியில் மணலும் களியும்தான். கல்லுக்குக் கல் நடுவே இடுக்கு இருந்தால் ஒளியலாம், முட்டையிடலாம், இலைக்குப்பை தங்கும். நகரும் மணலில் பெரும்பாலானவை நிற்காது, மேலே படியும் வண்டல் இருக்கிற இடுக்கையும் அடைத்துவிடும். 1980-ல் ராபின் வானோட் என்ற ஆற்றுச் சூழலியலாளரும் அவருடன் இருந்தவர்களும் எழுதிய ஒரு கருத்து ரொம்பப் பிரபலம்: ஆறு தொடங்கும் காட்டில் இலையைத் தின்பவை அதிகம், நடுவில் பாசி சுரண்டுபவை, கீழே போகப் போகத் துகள் பொறுக்குபவை என்று. அழகான கருத்துதான். ஆனால் அது வட அமெரிக்கக் காட்டு ஆறுகளை வைத்து எழுதியது. ஏரிக் கலங்கலில் (உபரித் தண்ணீர் வழியும் இடம்) தொடங்கும் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ அதை அப்படியே போட்டுப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

சரி, சாக்கடைக்கு வருவோம். கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனையும் காலி செய்துவிடுகின்றன. அங்கே தாக்குப்பிடிப்பது கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் உறையவைத்து விற்கிறார்களே, அந்த ரத்தப் புழு மாதிரியானவை. கைரோனமஸ் என்ற ஈயின் புழு அது. நம் ரத்தத்தில் இருப்பதுபோல ஹீமோகுளோபின் இருப்பதால்தான் சிவப்பு, ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் பிழைப்பதற்கும் அது உதவுகிறது. பக்கத்திலேயே தலையைச் சேற்றில் புதைத்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவும் அதே ரகம். போட்டியும் இல்லை, வேட்டையாடுபவையும் குறைவு என்பதால் இரண்டும் கோடிக்கணக்கில் பெருகும். சாயங்காலம் ஆற்றோரத் தெருவிளக்கில் கொசுபோல மொய்த்துக் கடிக்காமல் போகிறதே, அது அநேகமாக இந்த ரத்தப் புழுவின் வளர்ந்த உருவம்தான்.

திரு.வி.க. பாலத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போனால் கணக்கே வேறு. கடல் ஏற்றத்தில் உப்பு உள்ளே வரும். உப்புத் தண்ணீரில் வாழும் பூச்சிகள் மிகக் குறைவு. அங்கே நண்டும் இறாலும் கடல் புழுக்களும்தான் சொந்தக்காரர்கள்.

இன்னொன்று, வந்து சேருவது. வெள்ளம் அடித்துப் போனாலோ ஆறு காய்ந்தாலோ திரும்பக் குடியேற முக்கியமாக மூன்று வழி உண்டு: மேலிருந்து மிதந்து வருவது (இது பெரும்பாலும் ராத்திரியில் நடக்கும்), சரளைக்கு அடியில் ஒளிந்து பிழைத்தது மேலே வருவது, இறக்கை முளைத்துப் பறந்து வந்து முட்டையிடுவது. மேலே ஏரியும் கால்வாயும் நன்றாக இருந்தால்தான் முதல் வழி திறந்திருக்கும். நகரத்துக்குள் மட்டும் சுத்தம் செய்தால் போதாது என்பது இதனால்தான்.

அப்படியானால் சுத்தமான அடையாற்றில் யார் வருவார்கள்? தும்பியின் இளம்பருவங்கள், நீர்த்தேள், நத்தைகள், சின்ன இறால். மேஃப்ளைகூட வரும், ஆனால் மலை ரகம் இல்லை. குளத்தில் வாழும் குளோயான், வண்டல் ஏறாமல் செவுளை மூடி வைத்துக்கொள்ளும் கேனிஸ் போன்றவை. ஒப்பிட வேண்டுமென்றால் தடாவை விட்டுவிட்டு, மழை முடிந்த மார்கழியில் நகரத்துக்கு வெளியே தண்ணீர் வழியும் ஏதாவது ஏரியின் கலங்கலுக்குப் போங்கள். ஒரு சமையல் வடிகட்டியும் வெள்ளைத் தட்டும் போதும். கலங்கலில் இருந்து தண்ணீர் விழுந்து ஓடும் கருங்கல்லைப் பாருங்கள். கல்லும் வேகமும் ஏரியில் இருந்து வரும் துகளும் ஒன்றாகச் சேரும் இடம் அது. சமவெளியில் சிமுலியம் புழுக்களைத் தேடுவதென்றால் நான் முதலில் குனிவது அங்கேதான்.