பழைய லேத்தும் புதுப் பெயின்டும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி லேத் பற்றியவை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைக் கட்டைகள் நிறைய வைத்திருக்கிறேன். அவற்றில் பேனா கடைய ஆசை. தோட்டத்துப் பக்டரி ஒன்றில் மைஃபோர்ட் எம்.எல். 7 என்ற பழைய இங்கிலாந்து லேத்தைக் கொடுக்கிறார்களாம், பழக்கமான ஃபிட்டர் சொன்னார். கண்டியில் ஒருவரிடம் பாவித்த சீன மினி லேத் இருக்கிறது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுக்க?
ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

என்ன மாதிரிப் பேனா என்று எழுதவில்லையே ஐயா. கடையில் செட்டாக வரும் சாமானை வாங்கி, 7 மி.மீ. பித்தளைக் குழாயைக் கட்டைக்குள் ஒட்டி, வெளிப்பக்கத்தை மட்டும் கடைவதென்றால் உங்களுக்கு இரும்பு கடையும் லேத்தே வேண்டாம், நீங்கள் சொன்ன இரண்டும் அந்த ரகம். சின்ன மர லேத் போதும். மிச்சக் காசுக்கு நல்ல உளி வாங்கலாம். உடம்பு, மூடி, மரை எல்லாம் நீங்களே வெட்டி ஊற்றுப் பேனா செய்யப் போகிறீர்கள் என்றால்தான் இரும்பு லேத்.

அப்படியென்றால் மினி லேத்தை எடுங்கள். 1946 இல் வந்த எம்.எல். 7 அருமையான இயந்திரம், என் மனசு அதன் பக்கம்தான். ஆனால் அதன் உச்ச வேகமே நிமிடத்துக்கு 640 சுற்று. மரத்துக்கு அது ஆமை நடை. சுழல்தண்டின் துளை 15 மி.மீ. அளவு, முக்கால் அங்குல (19 மி.மீ.) பேனாக் கட்டை அதற்குள் போகாது. மினி லேத்தில் துளை 20 மி.மீ., வேகம் 2500 வரை. 40 கிலோ சொச்சம் என்பதால் இரண்டு பேர் தூக்கி மேசையில் வைத்துவிடலாம். குறையும் உண்டு: கியர் பிளாஸ்டிக், வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்ட் எப்போது கருகும் என்று சொல்லமுடியாது. அதனால் எல்லா வேகத்திலும் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. "ஃபிட்டர் சொன்னார்" என்ற இடத்தில் எனக்கு இடிக்கிறது. தோட்டத்துச் சாமான் என்றால் நிர்வாகம் தந்த பற்றுச்சீட்டும் கேட் பாஸும் கையில் இருக்கவேண்டும். அவை இல்லாமல் இரவில் லொறியில் வரும் லேத்தை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

யூனிமட் எஸ்.எல். என்ற குட்டி லேத் ஒன்று மலிவாக வருகிறது. பேனாவுக்குச் சரிவருமா?
வாசகி, கம்பளை

வராது. துளை 6 மி.மீ. சொச்சம்தான். முனையில் 12 மி.மீ. மரை என்பதால் பேனாக் கட்டையைக் கோத்துப் பிடிக்க, கடையில் விற்கும் மோர்ஸ் டேப்பர் (கூம்பு வால்) மேன்ட்ரல் கம்பி நேராகப் பொருந்தாது. என்னிடமும் ஒன்று இருக்கிறது, அலுமாரியில் அழகாக நிற்கிறது.

"ரன்னிங் கண்டிஷன், புதுப் பெயின்ட்" என்று விளம்பரம். நம்பலாமா?
மின்னியலாளர், ஹட்டன்

நீங்கள் கேட்டது ஒரு வரி. எனக்கோ இது பல வருட எரிச்சல்.

"ரன்னிங் கண்டிஷன்" மாதிரி ஒன்றுமே சொல்லாத சொல் விளம்பரங்களில் வேறில்லை. கரண்ட் கொடுத்தால் மோட்டர் சுற்றத்தான் செய்யும், மின்விசிறியும்தான் சுற்றுகிறது. வட்டமாகக் கடைகிறதா என்பதல்லவா கேள்வி! அதற்குமேல் இந்தப் பெயின்ட். லேத்தில் பெயின்ட் அடிக்கும் இடம் எதுவும் தேய்வதில்லை, தேயும் இடம் எதற்கும் பெயின்ட் அடிப்பதில்லை. பிறகு யாருக்காக அடிக்கிறார்கள்? என்னைப் போன்றவர்களுக்காகத்தான்.

கொழும்பில் ஒரு கடையில் பச்சைப் பெயின்ட் மினுங்க ஒரு ஜப்பான் லேத் வாங்கினேன். வோல்ட் விவரம் பொறித்த மோட்டர் தகட்டுக்கு மேலேயும் பெயின்ட். ஓட்டிக் காட்டினார்கள், சத்தமே இல்லை. மேசைக்குக் கீழே ஒரு டிரான்ஸ்போமர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. வீட்டில் 230 வோல்ட்டில் சொருகினேன். ஒரு உறுமல், கருகிய வாசம், அவ்வளவுதான். தகட்டைச் சுரண்டிப் பார்த்தால் 100 வோல்ட். வைன்டிங் செய்த செலவு லேத்தின் விலையில் பாதி. வீட்டில் இன்றைக்கும் அதற்குப் பெயர் "பச்சைக்கிளி".

ஆகவே பகல் வெளிச்சத்தில் போங்கள். சுவிட்சைத் தொட முன் கையால் சுழற்றுங்கள். பெட் எனும் நீண்ட அடித்தளத்தின் மேல் விளிம்பில், கட்டையைக் கவ்வும் சக்குக்குக் கிட்ட, நகத்தை வைத்து இழுங்கள்; படி மாதிரித் தட்டினால் தேய்மானம். அங்கேயே, வெட்டும் கருவியைச் சுமந்து பெட்டில் நகரும் கேரியேஜ் லேசாக இறுகும்படி ஸ்குரூவைத் திருப்பி, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டொக் பக்கம் உருட்டுங்கள். போகப்போக இறுகி நின்றுவிட்டால் சக்குப் பக்கம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. அப்புறம் இரண்டு பக்கத்துக் கூர்முனைகளையும் கிட்டக் கொண்டுவந்து, நடுவில் ஒரு சவர பிளேட்டைப் பிடியுங்கள். பிளேட் நேராக நின்றால் சரி. ஒரு பக்கம் சாய்ந்தால் டெயில்ஸ்டொக் விலகியிருக்கிறது; அதைச் சரிக்கட்டாமல் கடைந்தால் பேனா ஒழுங்கான உருவில் வராது. கடைசியாக உச்ச வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு, சக்குக்குப் பின்னால் பெயாரிங் இருக்கும் பெட்டியில் கையை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைக்க முடியாத சூடென்றால் கிளம்பி வாருங்கள்.

பத்து நிமிடம் ஓட்ட விடாத ஆளிடம் பதினோராவது நிமிடம் நிற்காதீர்கள்.

இணையத்தில் படம் பார்த்து முழுக் காசையும் அனுப்பி லேத் எடுத்தேன். வந்தபிறகுதான் தெரிந்தது, த்ரீ பேஸ். வீட்டில் சிங்கிள் பேஸ். விற்றவர் ஏமாற்றிவிட்டார்.
வாசகர், மாத்தளை

ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. ஒரு கிலோ தக்காளி வாங்கும்போது பத்துத் தரம் புரட்டிப் பார்க்கிறோம், லேத்துக்கு ஒரு போன் பேச முடியாதா? தகட்டில் 200 அல்லது 230/400 வோல்ட் என்றிருந்தால் சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்கித் தரும் இன்வர்ட்டர் ஒன்று போட்டுச் சமாளிக்கலாம்; 230/400 என்றால் மோட்டரை டெல்டா முறையில் இணைக்கும்படி மின்னியலாளரிடம் சொல்லுங்கள். 400 மட்டும் என்றால் சிங்கிள் பேஸ் மோட்டர் மாற்றுவதே சுகம்.

சீட்டுப் போட்டுக் கிடைத்த காசில் கடை ஒன்றில் லேத் வாங்கினேன். எல்லாக் கியரும் நான்கு தாடைச் சக்கும் சேர்த்து என்று பில்லில் எழுதித் தந்தார்கள். பெட்டியில் மூன்று கியர்தான், சக் இல்லை. இரண்டு மாதமாக "அடுத்த கிழமை வா" என்கிறார்கள்.
தோட்டத் தொழிலாளியின் மகன், நாவலப்பிட்டி

தம்பி, நீங்கள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. பில்லில் எழுதி வாங்கினீர்கள் பாருங்கள், அதுதான் இப்போது உங்கள் பலம்.

ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாடு வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போகவேண்டும். "அடுத்த கிழமை" என்று இழுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பில்லின் பிரதி, பெட்டியில் இருந்தவற்றின் படம் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். விவரம் கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. தனி ஆளிடம் வாங்கியவர்கள் பிரதேச இணக்கசபைக்குப் போகலாம்.

சாமானைப் பற்றியும் சொல்கிறேன். அந்தக் கியர்கள் லேத்தில் மரை வெட்டத்தான்; பேனாவுக்கு அவை இல்லாதது பெரிய நட்டமில்லை. மூடி மரையைப் பலரும் டாப், டை (உள்மரை, வெளிமரை வெட்டும் கைக்கருவிகள்) வைத்துக் கையாலேயே வெட்டுகிறார்கள்: மூடிக்கு 13 மி.மீ. மூன்று தொடக்க மரை (மூன்று இழை பக்கத்துப் பக்கமாக ஓடுவது), ஜோவோ கம்பனியின் 6 ஆம் இலக்க நிப்புக்கு 7.4 × 0.5 மி.மீ. மரை. சக் இல்லாததுதான் அடி. காசு திருப்பித் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். "சக்குக்குப் பதிலாக இன்னும் நாலு கியர் தருகிறேன்" என்றால் மசியாதீர்கள். முறைப்பாடு போட்டதும் எனக்கு எழுதுங்கள்.

நுவரெலியாவில் இருக்கிறேன். லேத்தைப் பொலித்தீனால் இறுக்கி மூடியும் துரு பிடிக்கிறது.
வாசகர், நுவரெலியா

மூடியதால்தான் பிடிக்கிறது. ஈரம் உள்ளேயே நின்றுவிடுகிறது. மரத்தூள் எண்ணெயை உறிஞ்சிவிடும், ஆகவே வேலை முடிந்ததும் தூளைக் கூட்டி எடுத்து, எண்ணெய் தடவி, பழைய பருத்திச் சேலையால் போர்த்துங்கள்.