நூறு மடங்கா, ஆயிரம் மடங்கா? ஃபோனோ ஸ்டேஜ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபோனோ ஸ்டேஜைப் பற்றியவை, அதாவது டர்ன்டேபிள் தரும் மிகச் சிறிய சிக்னலைப் பெருக்கிச் சரிப்படுத்தும் பெட்டியைப் பற்றியவை. பாதிக் கடிதங்களில் மாடல் எண்ணே இல்லை. "என்னிடம் ஒரு ஜப்பான் டர்ன்டேபிள், ஒரு நல்ல ஆம்ப், சத்தம் சரியில்லை" என்று எழுதினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலை), ஃபோனோ ஸ்டேஜ், பிரிஆம்ப் (எதைக் கேட்பது, எவ்வளவு சத்தம் என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி), இந்த மூன்றின் பெயரும் எண்ணும் வேண்டும். பெட்டிகளின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

செந்தூல் வாசகர்: புது ஆடியோ-டெக்னிகா எல்பி120 வாங்கி, ஆம்பின் ஃபோனோ இன்புட்டில் செருகினேன். பாஸ் குமுறுகிறது, குரல் உடைகிறது. ரெக்கார்டு கெட்டுவிட்டதா?

ரெக்கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த டர்ன்டேபிளுக்குள்ளேயே ஒரு ஃபோனோ ஸ்டேஜ் இருக்கிறது. ஃபோனோ, லைன் என்று போட்ட சுவிட்ச் இப்போது லைனில் நிற்கிறது. அதனால் ஆர்ஐஏஏ திருத்தம் (ரெக்கார்டில் பதியும்போது குறைத்த பாஸை மீண்டும் ஏற்றுவது) டர்ன்டேபிளில் ஒரு முறை, ஆம்பில் இன்னொரு முறை என்று இரண்டு தடவை நடக்கிறது. 20 ஹெர்ட்ஸில் 20 டெசிபெல் வரை ஏற்றும் திருத்தம் அது. இரண்டு தடவை ஏற்றினால் குமுறாமல் என்ன செய்யும்? அதோடு சத்தமும் பல மடங்கு கூடுதலாகப் போவதால்தான் குரல் உடைகிறது. சுவிட்சை ஃபோனோவுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் லைனிலேயே விட்டு, ஆம்பில் ஆக்ஸ் என்ற சாதாரண லைன் இன்புட்டில் செருகுங்கள். எதைச் செய்தாலும் முதலில் வால்யூமை அடியோடு குறைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: டெனான் 103 கார்ட்ரிட்ஜ் போட்டேன். வால்யூமை முக்கால்வாசி திருப்பினால்தான் பாட்டு கேட்கிறது, கூடவே ஒரு இரைச்சல். ஃபோனோ ஸ்டேஜ் 40 டெசிபெல்.

கடைசி வாக்கியத்தில் நீங்களே காரணத்தை எழுதிவிட்டீர்கள். 103 தருவது 0.3 மில்லிவோல்ட். 40 டெசிபெல் என்றால் 100 மடங்கு, ஆக உங்கள் பிரிஆம்புக்குப் போய்ச் சேர்வது வெறும் 30 மில்லிவோல்ட். அதே பிரிஆம்புக்கு சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது. 40 டெசிபெல் எம்.எம். (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜுக்கான கணக்கு. 5 மில்லிவோல்ட் அரை வோல்ட் ஆகும், பிரிஆம்புக்கு அது போதும். உங்கள் 103 போன்ற எம்.சி.க்கு (மூவிங் காயில்) 60 டெசிபெல், அதாவது ஆயிரம் மடங்கு வேண்டும். இருக்கிற பெட்டியை விற்க மனமில்லை என்றால் 1:10 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை முன்னால் போடுங்கள். மீதி 20 டெசிபெல் அதில் கிடைத்துவிடும். ஃபோனோ ஸ்டேஜின் 47 கிலோ ஓம் இன்புட் அதன் வழியாகக் கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும். 103க்கு அது ஒத்துப்போகும்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: உம்மென்று ஒரு ஓசை நிற்கவே மாட்டேன் என்கிறது. மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளைத் துண்டித்தால் போய்விடும் என்று நண்பர் சொல்கிறார்.

கூடாது. எந்தக் காரணத்துக்கும் கூடாது. உள்ளே ஒரு வயர் விட்டுப்போய்ப் பெட்டியைத் தொட்டால், நம் வீட்டு 230 வோல்ட் உங்கள் கை வழியாகத்தான் எர்த் தேடும். ஓசையைக் கண்டுபிடிக்கும் வழி வேறு. செலக்டரைச் சிடிக்கு மாற்றுங்கள். அங்கேயும் உம் இருந்தால் ஃபோனோ ஸ்டேஜுக்குச் சம்பந்தமில்லை, டிவி பெட்டிக்கு வரும் டிஷ் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். ஃபோனோவில் மட்டும் இருந்தால், டர்ன்டேபிளிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் வயர் ஃபோனோ ஸ்டேஜின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஃபோனோ ஸ்டேஜைக் கையில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பிடியுங்கள். ஓசை கூடிக் குறைந்தால், பவர் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கு மிக அருகில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அரை மீட்டர் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

செராஸ் வாசகர்: 4,000 வெள்ளிக்கு வால்வு ஃபோனோ ஸ்டேஜ் வாங்கினேன். குரல் தேன் மாதிரி. ஆனால் பாஸ் காணவில்லை. கடைக்காரர் 200 மணி நேரம் ஓடட்டும் என்றார், ஓடியது. பிறகு பவர் கேபிள் மாற்றச் சொன்னார், மாற்றினேன். இப்போது வேறு ஸ்பீக்கர் பார்க்கச் சொல்கிறார்.

ஐயா, ஸ்பீக்கர் வாங்காதீர்கள். மாடல் எண்களோடு பெட்டியைத் திறந்து உள்ளேயும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். கடிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

உங்கள் ஃபோனோ ஸ்டேஜின் கையேட்டில் அவுட்புட் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் மின் தடை) 3 கிலோ ஓம் என்று இருக்கிறது. டிரான்சிஸ்டர் பிரிஆம்பின் இன்புட் 10 கிலோ ஓம். படத்தில் அவுட்புட் கப்பாசிட்டர் (டிசியைத் தடுத்து இசையை மட்டும் வெளியே விடும் பாகம்) மேல் 0.22 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது. இந்த மூன்று எண்களிலேயே விடை இருக்கிறது. 0.22 கப்பாசிட்டர் 20 ஹெர்ட்ஸில் காட்டும் தடை சுமார் 36 கிலோ ஓம். அதற்குப் பின்னால் நிற்பதோ வெறும் 10 கிலோ ஓம். ஆகவே 55 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே 3 டெசிபெல் இறங்கிவிடுகிறது, அதற்குக் கீழே இன்னும் வேகமாக. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அங்கே நாலைந்து டெசிபெல் போய்விட்டால், இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பாதி வேலை கேட்காது. அதே பெட்டியை 47 கிலோ ஓம் பிரிஆம்பில் செருகினால் இந்த எல்லை 15 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பெட்டியிலும் குறையில்லை, பிரிஆம்பிலும் குறையில்லை, சேர்த்ததுதான் தப்பு.

எனக்குக் கோபம் எதில் என்றால், விற்கிறவர் கையேடுகளில் இந்த இரண்டு இம்பீடன்ஸ் வரியைப் படித்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. "உங்கள் பிரிஆம்ப் எது?" என்று கேட்டாலே போதும். கேட்காமல் விற்றுவிட்டு, பிறகு கேபிள், பிறகு ஸ்பீக்கர் என்று வாடிக்கையாளரின் பணத்தை வைத்து நோய் தேடுகிறார்கள். இதே மாதிரிக் கடிதம் எனக்கு வருவது இது முதல் தடவை இல்லை. கேபிளால் கப்பாசிட்டரின் மதிப்பை மாற்ற முடியாது. எத்தனை மணி நேரம் ஓடினாலும் 10 கிலோ ஓம் 47 ஆகாது. வாங்கும் முன் நீங்களே பாருங்கள்: பிரிஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ், ஃபோனோ ஸ்டேஜின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போல் 10 மடங்காவது இருக்க வேண்டும். வால்வு என்றால் நான் 20 மடங்கு கேட்பேன்.

செய்ய வேண்டியது இது. 1 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் ஃபிலிம் கப்பாசிட்டர் இரண்டு, கோலாலம்பூர் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், பெரிய செலவில்லை. போட்டால் எல்லை 12 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். நீங்களே போடாதீர்கள். வால்வுப் பெட்டிக்குள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள். மாற்றிய பிறகு, ஆன் செய்யும்போது வரும் தொம் சத்தம் கூடும். அதனால் ஃபோனோ ஸ்டேஜை முதலில் போட்டு, பவர் ஆம்பைக் கடைசியில் போடுங்கள். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். வால்யூம் அடியில்.

கெப்போங் வாசகர்: டர்ன்டேபிளை ஹாலின் அந்தப் பக்கம் வைத்து 3 மீட்டர் ஆர்சிஏ கேபிளில் ஃபோனோ ஸ்டேஜுக்குக் கொண்டு வரலாமா? கார்ட்ரிட்ஜ் ஆர்டோஃபோன் 2எம் ரெட்.

வேண்டாம். சாதாரணக் கேபிளின் கப்பாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் கேபிளே 300 ஆகிவிடும். டோன்ஆர்ம் வயரையும் ஃபோனோ ஸ்டேஜின் இன்புட்டையும் சேர்த்தால் 500 வரும். 2எம் ரெட் கேட்பது 150 முதல் 300. மேல்ஸ்தாயி கெட்டுப்போகும். ஃபோனோ ஸ்டேஜை டர்ன்டேபிள் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து 3 மீட்டர் நீட்டுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: தாத்தாவின் பாகவதர் தட்டுகள், 78 சுற்று. என் டர்ன்டேபிளில் 78 இருக்கிறது. போடலாமா?

இப்போதுள்ள ஊசியில் வேண்டாம். அகலமான அந்தப் பள்ளத்துக்கு 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி தனியாக வேண்டும். ஆர்ஐஏஏ திருத்தம் 1950களில் வந்தது, பாகவதர் தட்டுகளில் அதற்கு முந்தைய முறைகள்தான். திருத்தத்தை மாற்றும் வசதியுள்ள ஃபோனோ ஸ்டேஜ் கிடைத்தால் நல்லது. பிரிஆம்பில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள், கரகரப்பில் ஒரு பங்கு குறையும்.

ஜெலுத்தோங் வாசகர்: லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஒரு ஜப்பான் டர்ன்டேபிள் மலிவாகக் கிடைத்தது. பாட்டு இழுக்கிறது. ஃபோனோ ஸ்டேஜை மாற்ற வேண்டுமா?

ஃபோனோ ஸ்டேஜுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? மாடல் எண்ணும் எழுதவில்லை. மேற்கு ஜப்பான் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், மலேசியாவில் நம்முடையது 50. பெல்ட் டிரைவில் மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றும் வகை என்றால் 33 சுற்று 28 ஆகிவிடும். 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சிறு சக்கரம்) தேடுங்கள். அதற்கு முன் அடியில் ஒட்டியுள்ள லேபிளைப் பாருங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இன்னொரு முறை செருகாதீர்கள்.